விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது

கார் டேஷ்போர்டில் மஞ்சளா ஒரு இன்ஜின் படம் எரியுமே, அதைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப்போறேன். விவசாயிக்கு இதில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. திருமழிசையில் கீரையும் மல்லியும் போடுற என்னிடமும் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கு. செகண்ட் ஹேண்ட்தான்.

போன மழைக்கு முன்னாடி அந்த விளக்கு எரிஞ்சுது. பூந்தமல்லி பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு சொல்லி மாத்தினாங்க, ஐயாயிரத்துக்குப் பக்கமா பில். விளக்கு அணைஞ்சுது. நாலாவது நாள் திரும்ப எரிஞ்சுது. மறுபடி போனா, "சார், வேற ஒரு சென்சாரும் மாத்திப் பார்க்கலாம்"னு சொல்றாங்க. பார்க்கலாமா? என் காசில் நீ பரீட்சை எழுதிப் பார்க்கலாமா?

கடைசியில் எங்க தெரு மெக்கானிக் தம்பிதான் பானட்டைத் திறந்து, "அண்ணே, இந்த ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கு, இது வழியா காத்து இழுக்குது"ன்னு காட்டினான். ஹோஸும் கூலியும் சேர்த்து ஐநூறு ரூபாய் ஆகலை.

விஷயம் இதுதான். அந்த விளக்கு எரியும்போது காரோட கம்ப்யூட்டர் ஒரு கோடு நம்பரைச் சேமிச்சு வைக்குது. என் காரில் வந்தது பி0171. பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காத்து அதிகம்னு அதுக்கு அர்த்தம். ஏன் அதிகம்னு அது சொல்லாது. ஹோஸ் ஓட்டையா இருக்கலாம், காத்தை அளக்குற சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமா இருக்கலாம். பயிரில் இலை மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து குறைவா, தண்ணி தேங்கி வேர் அழுகுதா, இரும்புச்சத்து இல்லையான்னு குனிஞ்சு பார்க்கணும். பார்க்காம யூரியா மூட்டையைத் தலையில் கட்டுற கடைக்காரனுக்கும், கோடைப் பார்த்ததும் சென்சாரை மாத்துறவனுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு சூது இருக்கு. மெஷினை மாட்டி கோடை அழிச்சா விளக்கு உடனே அணைஞ்சிடும். கோளாறு அப்படியேதான் இருக்கும். கம்ப்யூட்டர் திரும்பவும் எல்லாத்தையும் சோதிச்சு முடிக்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஊருக்குள்ளும் ஹைவேயிலும் சில தடவை ஓட்டணும். பல கோளாறுகளை ரெண்டு ஓட்டத்தில் தொடர்ந்து பார்த்த பிறகுதான் அது விளக்கைப் போடும். அதனால டெலிவரி எடுக்குற அன்னைக்கு விளக்கு எரியலைங்கிறது எதையும் நிரூபிக்காது. பில் கட்டி, வீடு போய், நாலு நாள் கழிச்சுத்தான் உண்மை தெரியும். அதுக்குள்ள காசு கை மாறிடுது.

"அப்போ மெக்கானிக் பையன்களே பார்த்துக்கட்டுமே"ன்னு சொல்லுவீங்க. அவங்க கையைக் கட்டிப்போட்டது யாரு? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடலைங்கிறதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. கார், விவசாயக் கருவி ரெண்டும் அதில் வருது. நல்லதுதான். ஆனா இணையதளம் வேற, சட்டம் வேற. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லயே காருக்குச் சட்டம் போட்டுடுச்சு. அங்கே டிராக்டர் விவசாயிகளும் இதே சண்டையைத்தான் போடுறாங்க. 2025 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனி மேல அந்த அரசே வழக்குப் போட்டது.

இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாராகுது. அந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாகம் பாகமா செய்யறாங்க. நடுவில் இருக்கிற எங்க ஊர் மெக்கானிக்குக்கு மட்டும் காரோட விவரம் ரகசியமாம். நல்ல நியாயம்!

நகரத்து நண்பர்களே, உங்களுக்கு நேரமில்லை, ஏ.சி. ரூமில் காபி குடிச்சிட்டு கார்டைத் தேய்ச்சிட்டு வந்துடுறீங்க. நீங்க கேட்காததால்தான் எங்களை மாதிரி ஆளுங்க கேட்டா முறைக்கிறாங்க. இனிமே நாலு கேளுங்க. கோடு நம்பரை அழிக்கிறதுக்கு முன்னாடி பில்லில் எழுதச் சொல்லுங்க. அந்தப் பாகம்தான் கெட்டதுன்னு எப்படிச் சோதிச்சீங்கன்னு கேளுங்க. கழட்டின பழைய பாகத்தைக் கையில் வாங்குங்க. ஒரு வாரத்துக்குள் அதே கோடு வந்தா கூலி இல்லாம பார்த்துத் தருவோம்னு எழுதி வாங்குங்க. கோடு படிக்கிற சின்னக் கருவி ஆயிரம் ரெண்டாயிரத்துக்குள்ளயே கிடைக்குது. அபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணு வாங்கி வெச்சாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையா எரிஞ்சா சீக்கிரம் காட்டுங்க. மின்னி மின்னி எரிஞ்சா ஓரமா நிறுத்திடுங்க. இன்ஜின் சரியா எரியாம பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகுதுன்னு அர்த்தம். அங்கே இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டா செலவு பெரிசு. ஸ்டிக்கர் ஒட்டி விளக்கை மறைக்கிற புத்திசாலிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.