பலகைக்கு ஒரு கோடு போடுங்கள்

காலையில் கடை வாசலில் வைத்து இரவில் உள்ளே எடுத்துவிடும் மடக்குப் பலகையை நாம் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ‘வாழை இலைச் சாப்பாடு தயார்’ என்று எழுதி அஞ்சடியில் நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆனால், பிரிக்பீல்ட்ஸ் போன்ற வட்டாரத்தில் அந்தப் பலகை எங்கே நிற்கிறது என்பது சிலருக்குப் பாதுகாப்புப் பிரச்சினை.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்சில்தான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அங்கே நடந்து போய் வருகிறார்கள். அவர்கள் காலாலும் கைத்தடியாலும் வழியறிந்து நடப்பதற்காகவே நடைபாதையில் புடைப்பான மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. நிலையாக நிற்கும் தூண் பழகிவிடும். மடக்குப் பலகையோ இன்று ஓரிடம், நாளை இரண்டடி தள்ளி இன்னோரிடம். கைத்தடி அதன் கால்களுக்கு இடையே புகுந்துவிட்டால், உடம்பு இடித்த பிறகுதான் பலகை இருப்பதே தெரியும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாலையில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, பொது இடத்தில் தடை ஏற்படுத்துவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை 500 ரிங்கிட் வரையும், மீண்டும் செய்தால் 1,000 ரிங்கிட் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரப் பலகைக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும். அதில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உறுதி செய்கிறது. ஆனால், அதை மீறுவோருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை.

அப்படியானால் எல்லாப் பலகைகளையும் அள்ளிக்கொண்டு போய்விடலாமா? கூடாது என்பதே என் கருத்து. பல்கலைக்கழக விடுமுறையில் நான் என் அத்தையின் சாப்பாட்டுக் கடையில் உதவிக்கு நிற்பதுண்டு. கடை சற்று உள்ளடங்கி இருக்கிறது. பலகை வெளியே இல்லாவிட்டால், அப்படி ஒரு கடை இருப்பதே புதியவர்களுக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்கள் நெடுஞ்சாலையோரம் விளம்பரம் வைக்கின்றன. சிறு வணிகருக்கு இந்த ஒரு பலகைதான் விளம்பரம்.

அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் பலகைகள் மறைவதும், மறுநாள் மீண்டும் முளைப்பதும் யாருக்கும் பயனில்லை. வணிகருக்குத் தேவை ‘வைக்காதே’ என்ற மிரட்டல் மட்டுமல்ல. ‘இங்கே வைக்கலாம்’ என்ற தெளிவு.

அதற்கு மூன்று காரியங்கள் போதும். முதலாவது, கடைச் சுவரை ஒட்டித் தரையில் ஒரு கோடு போட வேண்டும். பலகை அதைத் தாண்டக் கூடாது. இடமே இல்லாத குறுகிய அஞ்சடியில் சுவரில் மாட்டும் பலகைக்கு எளிதாக உரிமம் கொடுக்கலாம். இரண்டாவது, மஞ்சள் கற்கள் மீதும் அவற்றின் இரு பக்கங்களிலும் எதுவும் நிற்கக் கூடாது. இதில் யாருக்கும் சலுகை வேண்டாம். மூன்றாவது, இந்த விதிகளைப் படத்துடன் ஒரே பக்கத்தில், தேசிய மொழியோடு தமிழிலும் சீன மொழியிலும் அச்சிட்டுக் கடைதோறும் கொடுக்க வேண்டும். கோடு எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது, அந்தப் பாதையில் நடக்கும் பார்வையற்றோரையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

மாணவர்களாகிய நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடை வைத்திருக்கும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு. மஞ்சள் கல் எதற்காக என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். பலகையை இரண்டடி உள்ளே தள்ளி வைப்பதால் வியாபாரம் படுத்துவிடாது. ஒருவர் யார் துணையும் இல்லாமல் வீடு போய்ச் சேர அந்த இரண்டடி போதும்.