ஈட்டுச் சீட்டில் யார் பெயர்?

சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டுவது எனக்குத் தொழில். பாக்கிப் பட்டியல், பங்குத் தொகை, கையிருப்பு, பெட்டகத்திலுள்ள நகைப் பைகள் ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் சரிபார்த்து வந்த என் கண்ணில் ஒரு விஷயம் மட்டும் நெடுநாள் படவேயில்லை. அதைப் படும்படி செய்தவர் திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு குடியானவரின் மனைவி.

அவ்வம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கலாம். மூன்று ஏக்கர் புன்செய், ஒரு கறவைப் பசு, இவையே குடும்பத்தின் ஆஸ்தி. பட்டா இன்னமும் மாமனார் பெயரிலேயே இருந்தமையால் பயிர்க்கடனுக்கு வழியில்லை. எனவே ஆனி மாதத்தில் விதைக்கும் உழவுக்கும் வேண்டிய தொகைக்கு அம்மையாரின் சங்கிலியும் இரண்டு வளையல்களும் சங்கத்தில் ஈடு வைக்கப்பட்டன. ஐப்பசியில் கணவர் மாரடைப்பால் காலமானார். கடலை விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, நகையைத் திருப்பிப் போக அவர் சங்கத்துக்கு வந்த அன்று, நானும் ஆய்வின் பொருட்டு அங்கிருந்தேன்.

சீட்டு கணவர் பெயரில் இருந்தது. நியமனதாரரின் பெயர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். இறந்தவர் பெயரிலுள்ள ஈட்டை விடுவிக்க வாரிசுச் சான்றும், வாரிசுகள் அனைவருடைய சம்மதமும் தேவையென்று சொன்னேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆடவன் விட்டுச்சென்ற சொத்துக்கு மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசாவார். அத்தாயோ மூத்த மகன் வீட்டில் இருந்தார். வரப்புத் தகராறு காரணமாக இரு வீட்டாருக்கும் பேச்சு வார்த்தையில்லை.

“எங்க அம்மா எனக்குப் போட்ட சங்கிலிங்க, ஐயா. அதை நான் வாங்கறதுக்கு எங்க மாமியார் கைநாட்டு வைக்கணுமா?” என்று கேட்டார்.

நான் விதியைச் சரியாகத்தான் சொன்னேன். ஆயினும் அக்கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு நடந்தும், உறவினரைத் தூது விட்டும் நகை அவர் கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்நான்கு மாத வட்டியையும் அவரே கட்டினார்.

அந்த நகையின் பேரில் வாங்கிய கடனை அடைத்தது யாருடைய உழைப்பு என்பதைக் கடலைச் சாகுபடி அறிந்த அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். தோல் கீறினால் முளைப்புக் கெடுமாதலால் அவ்வளவையும் கையாலேயே உடைத்துப் பொறுக்க வேண்டும். இரவில் அடுப்பு வேலை முடிந்தபின் நடக்கும் காரியம் அது. ஆடியில் ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் விதை போடுபவர் அவர். இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் களைக்கொத்துடன் குனிந்திருப்பவர் அவர். ஜிப்சம் இட்டு மண் அணைத்து, விழுது மண்ணில் இறங்கியபின் செடியை அசைக்கக் கூடாதென்று பிள்ளைகளை அதட்டுபவரும் அவரே. நூறு நாள் கடந்ததும் ஒரு காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்க நாள் குறிப்பவரும் அவரே. பிடுங்கிய கொடி பசுவுக்குத் தீனியாகிறது. பசுவைக் கறப்பவர் அவர். பால் சங்கத்து அட்டையில் மட்டும் கணவர் பெயர்.

2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சாகுபடி நிலத்தின் பொறுப்பாளராகப் பதிவானவர்களில் பெண்கள் 100க்குச் சுமார் 14 பேர். தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு வழங்கின. ஆனால் தாய்வீட்டு உறவு அறுந்துவிடக்கூடாதே என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பெண்களை எல்லாக் கிராமத்திலும் பார்க்கிறோம். நிலத்தின் கதை பெரிது. அதைத் தீர்ப்பது சங்கத்தால் ஆகக்கூடியதன்று.

நகையீடும், பால் கணக்கும், சேமிப்பும் அப்படியல்ல. இவற்றுக்குப் பட்டா தேவையில்லை, சிட்டா அடங்கல் தேவையில்லை. கூட்டுறவுச் சட்டமும் பெண்ணென்று யாரையும் விலக்கவில்லை. அப்படியிருந்தும் மனைவியின் நகைக்குக் கணவர் பெயரில் சீட்டு எழுதுவது ஏன்? “அவர்தானே சார் அங்கத்தினர், அவர்தானே வருகிறார்” என்பதே நான் கேட்ட செயலாளர்கள் எல்லாரும் தந்த பதில். அவ்வம்மையார் டவுனிலுள்ள அடகுக் கடைக்குப் போயிருந்தால், கொண்டுபோனவர் அவர் என்பதால் அவர் பெயரிலேயே சீட்டு கிடைத்திருக்கும். வட்டிக் கடைக்காரரிடமிருந்து குடியானவரை மீட்பதற்கென்று 1904ஆம் ஆண்டில் திரூரில் தொடங்கிய இயக்கம் நம்முடையது. இந்த ஒரு விஷயத்தில் அடகுக் கடைக்குப் பின்னால் நிற்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெண்ணுக்குத் தனிக் கணக்கு வைத்தால் குடும்பம் பிளவுபடும் என்கிறார்கள் சில பெரியவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் துணியேன். ஆனால் நான் சொன்ன வீட்டில் கணவன் மனைவிக்குள் எவ்விதப் பிணக்கும் இருந்ததில்லை. நல்ல மனிதர், நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அவர் போனபின் துன்பம் தந்தது அந்தச் சீட்டுதான்.

நெசவாள அன்பர்கள் இது தங்கள் வீட்டுக் கதையன்று என்று கருத வேண்டா. தார் சுற்றித் தரும் கை நின்றால் தறி நின்றுவிடும் என்பது தெரிந்ததே. அந்தக் கைக்குரியவரின் பெயர் உங்கள் சங்கத்து அங்கத்தினர் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செயலாளர்கள் செய்யக்கூடியது உண்டு. நகையை அணிந்தவர் யாரென்று கேட்டு, அவரை அங்கத்தினராகச் சேர்த்து, அவர் பெயரிலேயே சீட்டு எழுதலாம். நியமனதாரர் கட்டம் காலியாயிருந்தால் ஈட்டை ஏற்க மறுக்கலாம். பால் அட்டையைக் கறப்பவர் பெயருக்கு மாற்றித் தரலாம். இதற்காக அப்பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர நேரிடும் என்பது உண்மைதான். களையெடுப்பு இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லலாம். இனி என் ஆய்வுக் குறிப்பில் வெற்றுக் கட்டங்களை எண்ணி எழுதுவதென்று வைத்திருக்கிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

இவ்வாண்டு ஆனியில் அதே சங்கத்துக்குப் போயிருந்தேன். அதே சங்கிலி, அதே வளையல்கள், விதைக்காக மறுபடியும் ஈட்டுக்கு வந்திருந்தன. சீட்டில் அம்மையாரின் பெயர் இருந்தது. நியமனதாரர் கட்டத்தில் மகளின் பெயரை எழுதச் சொல்லி, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாராம்.