அனுமதிக்கும் சொல், தடுக்கும் சொல்



கடந்த வார வேதபாட வகுப்பில் வாலிபர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் கையில் இருந்தது 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பாகிய ஆங்கில வேதாகமம். ரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் வரக்கூடாமற்போனதைப் பவுல் சொல்லும் இடத்தில் (ரோமர் 1:13) 'லெட்' என்ற வினைச்சொல் நிற்கிறது. "லெட் என்றால் அனுமதிப்பது அல்லவா, ஐயா? அனுமதி கிடைத்திருந்தால் பவுல் ஏன் போகவில்லை?"

நம் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் 'தடை' என்றே இருக்கிறது, அதுவே சரி. பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே ஒலியுடைய இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு 'விடு' என்று பொருள், மற்றதற்குத் 'தடு' என்று பொருள். காலப்போக்கில் இரண்டும் லெட் என்னும் ஒரே உருவத்தை அடைந்தன. ஆதியாகமத்தில் வெளிச்சம் உண்டாகும்படி தேவன் கட்டளையிடுகையில் வருவது முதலாவது சொல். தேவனுடைய கிரியையைத் தடுப்பவன் யார் என்று ஏசாயா 43:13 கேட்கையில் வருவது இரண்டாவது. இது இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்: இதை உடையவரை 'லெட்'டும் இடையூறும் இன்றிச் செல்லவிடும்படி, குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகம் அதில் ஆங்கிலத்தில் உண்டு. டென்னிஸில் பந்து வலையை உரசி விழுந்தால் சொல்லப்படுவதும் இதே சொல்தான் என்பார்கள். அதை விளையாட்டு அறிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தடுத்தலைக் குறித்த அந்தப் பழைய சொல், தாமதத்தைக் குறிக்கும் 'லேட்' என்ற சொல்லின் உறவு. ஒருவனைத் தாமதப்படுத்துவதே அவனைத் தடுப்பதாகும் என்று அம்மொழியினர் கண்டிருக்கிறார்கள். கதவைச் சாத்த வேண்டியதில்லை. 'பார்க்கலாம்' என்றால் போதும்.

இதை எழுதுகையில் என் மனச்சாட்சி என்னைக் குத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சபைச் சகோதரி ஒருவர், கட்டட வேலைக்கு வந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆலய மண்டபத்தைக் கேட்டார். நான் மறுக்கவில்லை. "ஜெபிப்போம், கமிட்டியில் பேசிப் பார்க்கலாம்" என்றேன். கமிட்டியில் மின்சாரக் கட்டணம் பேசப்பட்டது. சாவி யாரிடம் இருப்பது என்பது பேசப்பட்டது. அதற்குள் அறுப்பின் பண்டிகை வந்தது, பின்பு கிறிஸ்துமஸ் வந்தது. தீர்மானம் நிறைவேறியபோது அந்தக் கட்டடம் முடிந்து, குடும்பங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன. நடவடிக்கைப் புத்தகத்தில் இன்றும் 'அனுமதிக்கப்பட்டது' என்றே எழுதியிருக்கிறது.

சிறுபிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது (மாற்கு 10:13, 14) பிள்ளைகள்மேல் அவர்களுக்குப் பகை இருந்ததாக நான் எண்ணவில்லை. போதகருக்கு ஓய்வு வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்றே எண்ணியிருப்பார்கள். ஆண்டவரோ விசனமடைந்தார், மூலமொழியில் அந்தச் சொல்லில் கோபமும் உண்டு. அவர் இரண்டு காரியங்களைச் சொன்னார்: இடங்கொடுக்கவும் சொன்னார், தடைபண்ணாதிருக்கவும் சொன்னார். ஒன்றைச் சொன்னால் மற்றதும் அடங்கும் என்று நினைப்போம். அடங்காது என்பதே என் கருத்து. இடங்கொடுக்க ஒரு தீர்மானம் போதும். தடைபண்ணாதிருக்க, நம் வசதியையும் நம் சாவிகளையும் அல்லவா விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

அங்கே 'தடைபண்ணாதிருங்கள்' என்பதில் உள்ள கிரேக்க வினைச்சொல்லே ரோமர் 1:13-இலும் இருக்கிறது. எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டு, தான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கையிலும் (அப்போஸ்தலர் 8:36) அதே சொல். பிலிப்பு கமிட்டியைக் கூட்டவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். லூக்கா தம் நூலை முடிக்கும் கடைசிக் கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது: 'தடையில்லாமல்'. ரோமாபுரிக்கு வரத் தடைபட்டிருந்த பவுல், அதே நகரில், காவலில் இருந்துகொண்டே, வாடகை வீட்டில் இரண்டு வருஷம் முழுவதும் தன்னிடத்தில் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டு பிரசங்கித்தார்.

அந்தச் சகோதரி இன்னும் நம் சபையில்தான் இருக்கிறார். புறவழிச்சாலையருகே புதிய கட்டடம் ஒன்று எழும்பத் தொடங்கியிருக்கிறது. தகரக் கொட்டகைகளில் பிள்ளைகளைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை மண்டபத்தின் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். கமிட்டி அங்கத்தினர்கள் இதை இங்கேயே வாசித்து அறிந்துகொள்வார்கள்.