மலைநாட்டிலேயே எங்களுக்குக் காணி வேண்டும்: நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இலங்கை 600-க்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மாத்தளையிலும் மலை சரிந்தது. வீட்டை முற்றாக இழந்தவர்களுக்குப் புதிதாகக் கட்ட 50 இலட்சம் ரூபா, காணி இல்லாதவர்கள் காணி வாங்க 50 இலட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் வீட்டை இழந்தவர் என்று ஒருவரின் பெயரைப் பதிய வேண்டுமானால் முதலில் அவருக்கு ஒரு வீடு இருந்திருக்க வேண்டுமே! தேயிலைத் தோட்ட லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை அறைகளில், இருப்பவருக்குக் காகிதத்தில் வீடு கிடையாது. நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்து செத்த காம்பிராவாக இருந்தாலும் அது தோட்டத்தின் சொத்து.

நாங்கள் தோட்டங்களில் பிறந்த ஆசிரியர்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள், கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள். எந்தக் கட்சியும் எங்களை எழுதச் சொல்லவில்லை. யாருக்கு எங்கே காணி என்பது முடிவாகிவிட்ட பிறகு கத்திப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறோம்.

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992-ல் அதைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள்; குத்தகைக் காலம் 53 ஆண்டு. அதாவது 2045 வரை. 200 ஆண்டாக அங்கேயே கிடக்கும் மக்களுக்கு இந்தக் கணக்கில் எந்த இடமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதிலேயே அடுப்படி. வெள்ளைக்காரன் காலத்து அளவு அது. பிள்ளைக்குக் கல்யாணமானால் நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பமாக்கிக்கொள்கிறோம். முகவரியும் எங்களுக்கென்று தனியாகக் கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் முகவரி. தபால் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, எப்போதாவது லயத்துக்கு வந்து சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள்.

வாக்குப் போட்டுப் பிரதேச சபைக்கு ஆள் அனுப்பினோம். அந்தச் சபை எங்கள் லயத்து வாசலுக்கு ஒரு கல் பதிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தோட்டம் தனியார் இடமாம்! 1987-ல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு திருத்தப்பட்டது 2018-ல்தான். 31 ஆண்டு வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் சொன்னது, 2011-லும் சொன்னது. சொல்லியும் மக்கள் எழும்பவில்லை என்று பிறகு சிலர் குறைபட்டார்கள். எழும்பி எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவனிடம் இடம் மாறு என்று சொல்வது எச்சரிக்கையா, ஏளனமா? தோட்ட மக்களின் காணி உரிமைக்கு 2024 வரவு செலவுத் திட்டத்தில் 400 கோடி ரூபா ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பிருந்த ஓர் அரசாங்கம் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்றது. மேடையில் பேர்ச் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. டித்வா வந்த இரவில் பெரும்பாலானோர் அதே லயத்தில்தான் படுத்திருந்தார்கள்.

இது தோட்டத்துக்காரர் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று நினைக்கிறவர்களிடம் கேட்கிறோம்: வெளிநாட்டில் நீங்கள் இலங்கையர் என்று சொன்னதும் அவர்கள் முதலில் கேட்பது எதைப் பற்றி? தேயிலையைப் பற்றித்தானே? 2024-ல் தேயிலை ஏற்றுமதி கொண்டுவந்தது ஏறத்தாழ 140 கோடி அமெரிக்க டொலர். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர்களின் காணியிலிருந்து வருகிறது, அதை மறைக்கவில்லை. இருந்தாலும் பொதியில் அச்சாகும் படத்தில் கூடையோடு நிற்பவர் யார்? உல்லாசப் பயணிகள் ரயிலை விட்டிறங்கி யாரோடு நின்று படம் எடுக்கிறார்கள்? நாட்டின் முகமாக எங்களைக் காட்டுகிறீர்கள். நாட்டின் காணியில் எங்களுக்குப் பங்கு என்றால் மட்டும் யோசிக்கிறீர்கள்.

நினைவுச் சின்னங்களிலும் இதே கதைதான். 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கண்டி மஹய்யாவையில் அவருக்குக் கல்லறை இருக்கிறது, இருக்கட்டும். தம்பேதன்னையில் தேயிலை வியாபாரி லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். துரைமார் பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியவர்களின் பெயர் எங்கே? கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பழைய லயமொன்றை அருங்காட்சியகமாக நடத்திவருகிறது. இந்த வேலையை அரசாங்கம் செய்திருக்க வேண்டாமா?

தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே நடந்து மாத்தளை சேர்ந்தார்கள் எங்கள் பாட்டன்மார். காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ 70,000 பேர், மாண்டுபோனதாக 1849-ல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகையே எழுதியது. அவர்கள் நினைவாக 2023-ல் அதே வழியில் எங்கள் ஆட்கள் மாத்தளை வரை நடந்தார்கள். பள்ளிவாசலிலும் விகாரையிலும் கோயிலிலும் தண்ணீர் கொடுத்து வரவேற்றீர்கள். அந்த நன்றி மறக்கவில்லை. அந்தப் பாதையை நாட்டின் மரபுரிமைப் பாதையாக அறிவிக்க இன்னும் எத்தனை பேர் நடக்க வேண்டும்?

பாட்டன்மார் கொண்டுவந்த சாமிகளோடு இங்கே புதுச் சாமிகளும் சேர்ந்துகொண்டார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி, கவாத்து வெட்டும் மலைக்குக் கவாத்துச்சாமி. இந்தியாவில் எங்கே தேடினாலும் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். இந்த மண்ணில், இந்த வேலையில் பிறந்த சாமிகள். அவர்களும் வந்தேறிகள் என்று சொல்வீர்களா?

வந்தேறி என்ற பேச்சில்தான் எங்கள் பிரஜாவுரிமை போனது. 1947 தேர்தலில் எங்கள் வாக்கில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948-ல் வந்த 18-ஆம் இலக்கச் சட்டத்தால் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். அண்ணன் நீலகிரிக்கு, தம்பி நாவலப்பிட்டிக்கு. இந்தியாவுக்குப் போனவர்களை அங்கே இன்றும் சிலோன்காரர் என்கிறார்கள். கடைசி நாடற்றவருக்கும் வழி செய்த சட்டம் வந்தது 2003-ல். 1946-ல் நாட்டில் 100 பேரில் 11 பேருக்கு மேல் இருந்த நாங்கள் 2024 குடிசன மதிப்பீட்டில் 2.8 சதவீதம். எங்களில் பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிவதும் இதற்கு ஒரு காரணம். ஏன் அப்படிப் பதிகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

வடகிழக்குத் தமிழ்ச் சகோதரர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. 1948 சட்டத்துக்குத் தமிழ் உறுப்பினர்கள் எல்லோருமா எதிராக வாக்களித்தார்கள்? புயலுக்குப் பிறகு வடக்குக்கு வாருங்கள் என்று அன்போடு அழைத்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். விரும்புகிறவர்கள் வரட்டும். ஆனால் 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த எங்கள் ஆட்களில் பலர் இன்னும் காணி உறுதி இல்லாமல் உங்கள் வயல்களில் கூலி வேலை செய்கிறார்கள். முதலில் அவர்களுக்கு உறுதி கிடைக்கக் குரல் கொடுங்கள். பிறகு மற்றவர்களை அழைக்கலாம்.

சிங்களச் சகோதரர்களே, கண்டிக் கிராமங்களின் காணி பறிபோன வலி உங்களுக்கு உண்டு. அது நியாயமான வலி. அந்தக் காணியை முடிக்குரியதாக்கியது 1840-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். எங்கள் பாட்டன் அதில் காடு வெட்டிய கூலியாள். காணியில் ஒரு சாண்கூட அவன் பேருக்கு எழுதப்படவில்லை.

எங்களுக்கு வேண்டியது இதுதான். சரிவு ஆபத்துள்ள லயங்களில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், மலைநாட்டிலேயே, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் பிழைப்புக்கும் எட்டும் தூரத்தில், பாதுகாப்பான காணி. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி. வீட்டுக்கு இலக்கம், வீதிக்குப் பெயர், வாசலுக்குத் தபால். லயத்தை விட்டு எழும்பும்போது கோயிலையும் புதைகுழிகளையும் தேயிலைக்கோ ஹோட்டலுக்கோ வாரிக்கொடுக்காமல் அளந்து பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பழைய லயத்தையாவது அரசாங்கம் காக்க வேண்டும். இரக்கப்பட்டு அரிசிப் பொதி கொண்டுவந்தீர்கள்; கடன்பட்டிருக்கிறோம். அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் இந்தக் காணி எங்கே என்று ஒரு முறை கேளுங்கள். எந்த மொழியில் கேட்டாலும் சரி.

எந்தெந்த லயத்துக்கு மேல் மலை வெடித்திருக்கிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும், கம்பனிகளுக்குத் தெரியும், இதைப் படித்த உங்களுக்கும் இப்போது தெரியும். அடுத்த மழையில் அந்த லயங்கள் மூடப்பட்டால், அதை இயற்கை அனர்த்தம் என்று எழுத நாங்கள் யாரையும் விடமாட்டோம்.