விதைப்புக்கு முன்பே வரட்டும் உதவி: மக்காச்சோள உழவர்களின் கோரிக்கை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரிக் காடுகளில் புரட்டாசி மழையை நம்பித்தான் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். முளைத்து மூன்று வாரமான பயிரின் குருத்தை விரித்துப் பாருங்கள். ஈர மரத்தூள் போலக் கழிவு அப்பிக் கிடக்கும். அதற்கடியில் புழு இருக்கும்: தலையில் தலைகீழ் ‘ஒய்’ கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். படைப்புழு இதுதான்.

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி இது. 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. போட்ட முதல்கூடக் கைக்கு வராமல் அன்று பலர் கடனாளி ஆனார்கள். அரசு நிவாரணம் தந்தது. மறு ஆண்டு ஊரே சேர்ந்து மருந்து தெளிக்கவும் ஏற்பாடு செய்தது. சரியான வழி அதுதான். தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரே இரவில் நெடுந்தூரம் பறக்கும். ஒருவர் மருந்து அடித்து, பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்காமல் விட்டால் காசுதான் வீண்.

புழு பெருத்துக் குருத்துக்குள் இறங்கிவிட்டால் கழிவே அதற்கு மூடியாகிவிடுகிறது, மருந்து உள்ளே போவதில்லை. அப்போதுதான் உழவர் பதறிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் கலந்து கொடுப்பதை வாங்கிவந்து, முகத்துக்கு ஒரு துணிகூட இல்லாமல், தலையுயரப் பயிருக்குள் நின்று அடிக்கிறார். இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட வேண்டாமா?

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, எள், இனக்கவர்ச்சிப் பொறி என்று வேளாண் பல்கலைக்கழகம் வழி சொல்லியிருக்கிறது. எல்லாமே விதைப்பின்போதோ, அதையொட்டியோ செய்ய வேண்டியவை. பயிர் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு மானியப் புண்ணாக்கு வந்து என்ன பயன்? காப்பீட்டிலும் குறை உண்டு. ஒரு பகுதியின் சராசரி மகசூலை வைத்து இழப்பீடு கணக்கிடுவதால், புழு தின்ற தனி வயலுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது.

வேளாண் துறை ஆவணிக்குள் இடுபொருள்களைக் கிராமங்களில் இருப்பு வைக்க வேண்டும். முளைத்த முதல் மாதம் அலுவலர்கள் வாரந்தோறும் வயலுக்கு வர வேண்டும். புழு சிறிதாக இருக்கும்போதே, ஊர் முழுக்க ஒரே நாளில் அரசு செலவில் மருந்து தெளிக்க வேண்டும். தெளிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர்கள் இந்தப் பருவத்திலேயே இதற்கு உத்தரவிட வேண்டும்.