பழுதான கருவியைக் கொடுங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



நம் ஆய்வகத்தில் முதல் நாள் நமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம் எது? ஓம் விதியா? இல்லை! "எதையும் கெடுத்துடாதீங்க. கெடுத்தா காசு கட்டணும்" என்பதுதான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. நாலு கம்பியைச் சொருகுகிறோம். போன வருஷத்து அண்ணன்மார்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை நிரப்புகிறோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வந்தேன். மறைப்பானேன்?

இந்த ஆண்டு மலரில் எனக்குக் கிடைத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு கருத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஓடுகிற கருவிகளோடு சேர்த்து, ஓடாத கருவிகளையும் நம் கையில் கொடுக்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்ற ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி சொல்லிக் கொடுத்தது.

என் அப்பா அரக்கோணத்தில் ஒரு காயலான் கடையில் கூலி வேலை செய்கிறார். பழைய டி.வி. வந்தால் பிக்சர் டியூபின் கழுத்தை உடைத்து, அதைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவி எடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. செம்புக்குத்தான் விலை. மற்றது குப்பை. சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கடைக்கு ஆளுயர மரப்பெட்டி ஒன்று வந்தது. எப்போதோ மூடிப்போன கேம் கடையின் பொருள். அப்பா அதை உடைக்கவில்லை. 1,500 ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அம்மா போட்ட சண்டையை இங்கே எழுதினால் பக்கம் போதாது!

அப்பா என்னிடம் சொன்னார்: "சின்ன வயசுல இதுல ஆடக் காசு இருக்காதுடா. ஆடறவன் பின்னாடி நின்னு பாத்துட்டு வருவேன். இத ஓட்டிக் காட்டு பாக்கலாம். நீதான் படிக்கிறியே!"

நீதான் படிக்கிறியே... எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் இன்ஜினியர் மாமாவோ, படித்த அண்ணனோ கிடையாது. அதனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் பழக்கம் என்னிடம் உண்டு. அந்தப் பெட்டி முன்னால் அந்தப் பழக்கம் செல்லவில்லை.

அது நம் ஊர்க்காரர்கள் 'முஸ்தபா கேம்' என்று சொல்லும் ஆட்டம். ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட அதன் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஆட்டத்தில் வரும் நான்கு வீரர்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. அவன் பெயரே ஆட்டத்துக்குப் பெயராகிவிட்டது. எங்கள் பெட்டிக்குள் இருந்தது அசல் போர்டு அல்ல, யாரோ செய்த நகல். ஆனாலும் நடுவில் மோட்டோரோலா 68000 என்று எழுதிய நீளமான சிப்பைப் பார்த்தபோது, பாடத்தில் மட்டும் படித்த ஒருவரை நேரில் பார்த்ததுபோல் இருந்தது.

எங்கள் தெருமுனையில் டி.வி. ரிப்பேர் செய்து ஓய்ந்துபோன ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். "பிளக்க சொருகுறதுதான் தம்பி கடைசி வேலை. மொதல்ல கண்ணால பாரு, மூக்கால மோந்து பாரு" என்றார். பார்த்தேன். உள்ளே எலிக்கூடு! கடித்துப் போட்ட கம்பிகள். மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பியை யாரோ வெட்டியே விட்டிருந்தார்கள். காசு போடும் இரும்புக் கதவைத் தொடும் பிள்ளைகளுக்கு அந்தக் கம்பிதான் காவல். அதை மறுபடி இணைத்த பிறகுதான் மற்ற வேலை.

முதல் பழுது மின்சாரத்தில். பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் போர்டு உயிர் பெறவில்லை. போர்டில் சிப்பின் காலிலேயே வைத்து அளந்தேன். 4.4 வோல்ட்! இந்த வகை சிப்புகளுக்கு 4.75-க்குக் குறையக்கூடாது என்று நாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? சப்ளையில் இருந்த திருகைத் திருப்பி 5.6 ஆக்கினேன். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "இங்க 5, அங்க 4.4. நடுவுல எவன் தின்னான்னு கேக்க மாட்டியா? நாளைக்கு அந்தத் தடை போனா அவ்ளோ வோல்ட்டும் சிப்பு மேல ஏறும். எல்லாம் போச்சு! தம்பி, சமையல்கட்டுல எவ்ளோ வடிச்சாங்கன்னு பாத்தா மட்டும் போதாது. இலையில எவ்ளோ விழுந்துச்சுன்னும் பாரு."

நடுவில் தின்றது இணைப்பான். ஜாமா என்ற ஜப்பானியச் சங்கத்தின் பெயரால் 1985 முதல் வழங்கும் பொது முறை அது. பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 முனைகள். 5 வோல்ட் போகும் முனைகள் கறுத்துப் போயிருந்தன. பென்சில் ரப்பரால் போர்டின் முனைகளைத் தேய்த்தேன். கருகிப்போன கம்பியை மாற்றினேன். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். போர்டில் 4.95 வந்தது. சுவிட்சைப் போட்டுக் காசு போடும் நெம்பைத் தட்டினேன். டங்கென்று சத்தம் வந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார்.

சத்தம் வந்தது, படம் வரவில்லை! திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சத்தம் வருகிறது, நிறம் மாறுகிறது என்றால் போர்டு ஓடுகிறது. கோடு குறுக்கே முழுதாக இருக்கிறது என்றால் கிடைமட்டப் பகுதியும் சரி. மேலும் கீழும் விரிக்கும் செங்குத்துப் பகுதிதான் படுத்துவிட்டது. இந்த மூன்று வரியை யோசித்துக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, எந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தும் ஏற்பட்டதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். இந்த மானிட்டர்கள் பலவற்றில் சேசிஸே மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பதால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக்கூடாது. டியூபில் தங்கிய மின்சாரத்தைப் பெரியவர்தான் இறக்கிக் கொடுத்தார். தனியாக இந்த வேலையில் இறங்காதீர்கள். வீரம் காட்டும் இடம் இதுவல்ல.

அடுத்து நான் செய்தது இரண்டாவது தப்பு. அளந்து பார்க்காமல், செங்குத்துப் பகுதியின் ஐ.சி.யும் கெப்பாசிட்டரும்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து, இரண்டையும் வாங்கி வந்து மாட்டினேன். கோடு அப்படியே இருந்தது! பிறகு பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பற்றாகப் பார்த்தேன். செம்புச் சுருளுக்குப் போகும் முனையைச் சுற்றி, மோதிரம்போல் ஒரு மெல்லிய விரிசல். சூடாகியும் ஆறியும் பல வருஷத்தில் விட்டுப்போன பற்று. ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். திரை மேலும் கீழும் விரிந்தது.

அன்று ராத்திரி அப்பா ஆடினார். இரண்டு நிமிஷத்தில் தோற்றுப்போய்ச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நான் ஒடச்ச டியூபெல்லாம் கூட இப்படி ஒரு சொட்டு ஈயத்துல ஓடியிருக்குமாடா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சில ஓடியிருக்கும். சில ஓடியிருக்காது. எது எதுவென்று பார்த்துச் சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த ஆளாகத்தானே என்னைப் படிக்க அனுப்பியிருக்கிறார்?

தோழர்களே, இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

எங்களைப் போன்ற வீடுகளில் ஓடுகிற பொருளை யாரும் திறந்து பார்க்க விடமாட்டார்கள். கெட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. ஆய்வகத்திலும் அதே பயம். பிறகு எங்கேதான் கற்றுக்கொள்வது? ஏற்கெனவே கெட்டுப்போன பொருள் ஒன்றைத்தான் கெட்டுவிடுமோ என்ற பயமில்லாமல் திறக்க முடியும். நம் துறையிலேயே அலைகாட்டிகளும் சப்ளைகளும் 'பழுது' என்று சீட்டு ஒட்டி, பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. அதே நேரத்தில் இறுதியாண்டில் சிலர் கடையில் ரெடிமேட் புராஜெக்டை விலைக்கு வாங்கி வந்து வைக்கிறார்கள். இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் செலவு. இது நியாயமா?

"இந்தக் காலத்தில் யார் பழுது பார்க்கிறார்கள்? போர்டையே மாற்றிவிடுகிறார்கள்" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எந்தப் போர்டை மாற்றுவது என்று கண்டுபிடிக்கவாவது ஒருவர் வேண்டாமா? "அந்த ஆட்டம் இப்போது போனிலேயே ஓடுதே" என்றும் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். ஓடுகிறது. போனில் ஆடி நான் ஆட்டக்காரன் ஆகலாம், டெக்னீஷியன் ஆக முடியாது. "விபத்து நடந்தால் யார் பொறுப்பு?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதனால்தான் திருட்டுத்தனமாக வீட்டில் செய்வதைவிட, ஆசிரியர் கண் முன்னால் கல்லூரியில் செய்வது மேல் என்கிறேன்.

எனவே மாணவர் பேரவை நிர்வாகத்தின் முன் இந்த மூன்று கோரிக்கைகளை வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

1. கழித்துக் கட்டிய கருவிகளை வெளியே அனுப்புமுன் ஒரு பருவம் மாணவர்களிடம் கொடுக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற இடத்துக்குப் போகட்டும், மறுக்கவில்லை. போகுமுன் எங்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போகட்டும்!

2. உயர் மின்னழுத்தம் உள்ளவற்றை முதலில் ஆசிரியரே பாதுகாப்பாக்கித் தரட்டும்.

3. ஓட வைத்தால்தான் மதிப்பெண் என்று இருக்கக்கூடாது. என்ன அறிகுறி, எங்கே அளந்தேன், எவ்வளவு வந்தது, எங்கே ஏமாந்தேன் என்று எழுதிய நோட்டுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அந்த நோட்டை யாரும் யாரிடமும் காப்பி அடிக்க முடியாது. ஏனென்றால் இரண்டு பழுது ஒரேமாதிரி இருப்பதில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டியில் மூன்றாவது ஆட்டக்காரரின் கைப்பிடி இன்னும் வேலை செய்யவில்லை. ஜாமா முறையில் இரண்டு பேருக்குத்தான் கம்பி உண்டு. மூன்றாமவருக்குத் தனி இணைப்பான். அதன் கம்பிகளைத்தான் எலி தின்றுவிட்டது. எது எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று இப்போது கூச்சமில்லாமல் எழுத முடிகிறது. தெரிந்த நண்பர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். மல்ட்டிமீட்டர் இருக்கிறது. அம்மா டீ போட்டுத் தருவார். அப்பாவும் ஆட்டத்துக்குக் காத்திருக்கிறார்!