மூன்று நாள் விருந்து

குடகில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழைக்கு எஸ்டேட்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிளாசம் ஷவர்'. பூ மழை என்று வைத்துக்கொள்வோம். அது விழுந்த எட்டு, பத்து நாளில் சரிவு முழுக்கக் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பேறிவிடும். தேனீக்கள் வேலையை முடிக்க அவ்வளவுதான் அவகாசம்.

அரபிகா ரகம் சமாளித்துக்கொள்ளும். அதற்குத் தன் மகரந்தமே போதும். ரோபஸ்டா அப்படியல்ல, வேறு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். காற்று கொஞ்சம் கொண்டுவரும். மிச்சத்தில் பெரும்பங்கு, உள்ளூரில் ஹெஜ்ஜேனு எனப்படும் மலைத்தேனீயின் உபயம். சம்பளம் கேட்காத, சங்கம் வைக்காத கூலிப் படை!

இந்தத் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. உயர்ந்த மரக்கிளைக்கு அடியில் ஒற்றை அடையைத் திறந்தவெளியில் கட்டும். ஒரே மரத்தில் பல கூடுகள் தொங்குவதும் உண்டு. பூக்காலத்துக்கு முன் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஜூனில் பருவமழை வலுத்ததும் கிளம்பிவிடும். பெயரிலேயே தேனை வைத்திருக்கும் ஜேனு குருபர்கள் இரவில் புகைமூட்டி ஏறுவது இந்த மரங்களில்தான். தேவரகாடு எனப்படும் கோயில் காடுகளில் இத்தகைய மரங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. சாமிக்குப் பயந்து விட்டுவைத்தது தேனீக்கு வீடாயிற்று.

சிறிய தேனீயான துடுவேயின் கதை வேறு. அது மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும். ஊரை விட்டுப் போகாது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைத்தால்தான் பல கூட்டங்கள் பிழைக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், இதன் புழுக்களைக் கொன்று பெட்டிகளைக் காலியாக்கியது. ஊர் ஊராகப் பேர் வாங்கிய குடகுத் தேனுக்கு அது பெரிய அடி.

நோயாவது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. காபி விருந்து போடுவது மூன்று நாள். மற்ற நாட்களில் தேனீக்குச் சோறு போடுவது காபிக்கு நிழல் தரும் நாட்டு மரங்கள்: கோடையில் நாவல், மழைக்காலக் கடைசியில் வேங்கை என்று முறை வைத்துப் பூப்பவை. இவை போன இடத்தில் வருவது சில்வர் ஓக். வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், நல்ல விலைக்குப் போகும். அதன் பூவிலும் தேன் உண்டுதான். ஆனால் தோட்டம் முழுக்க ஒரே மரம் என்றால் அது பூக்கிற சில வாரம் மட்டுமே சாப்பாடு. அதற்குப் பிறகு?

தோட்டக்காரரைத் திட்டிப் பயனில்லை. தன் நிலத்தில் நிற்கும் ஈட்டியையோ வேங்கையையோ வெட்ட அவர் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பல நிலங்களில் மரம் யாருக்குச் சொந்தம் என்பதே பழைய வழக்கு. நிலம் இவருக்கு, மரம் சர்க்காருக்கு! சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அனுமதி இல்லாமலே வெட்டி விற்கலாம். மரத்தைக் காக்கப் போட்ட சட்டம் எந்த மரத்தை நடச் சொல்கிறது பாருங்கள். காபி வாரியம் நிழல் மரங்களைக் காப்பாற்றுங்கள் என்று எத்தனை அறிவுரை சொன்னாலும், நாட்டு மரத்தை நட்டு வளர்த்தவருக்கே அதை விற்கும் உரிமை எளிதாகக் கிடைக்காதவரை, புதிதாக அதை யார் நடுவார்?

இப்போது வசதியுள்ள எஸ்டேட்டுகள் மழைக்குக் காத்திராமல் ஸ்பிரிங்ளர் போட்டுப் பூக்கவைக்கின்றன. அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் வேறு வேறு நாளில் பூப்பதால் தேனீக்குப் பந்தி கொஞ்சம் நீள்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கிறவரை.